நாலு பூட்டுக்கும் ஒரே சாவி: அடம்பிடித்த டிக்கி வழிக்கு வந்தது

டிக்கி பூட்டு ஒருவழியாகத் திரும்பிவிட்டது. இக்னிஷனுக்குப் போடும் அதே சாவியைப் போட்டால் மறு பேச்சில்லாமல் சுற்றுகிறது. இரண்டு பக்கமும் சுற்றுகிறது, சாவியை எடுத்தால் பூட்டியும் நிற்கிறது. இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

கார் அறுபதுகளின் பிரிட்டிஷ் சலூன், அதாவது செடான் ரகம். விற்பதென்று முடிவான பிறகுதான் சாவிக் கணக்கைப் பார்க்க வேண்டிவந்தது. இக்னிஷனுக்கு ஒரே ஒரு சாவி, அதுவும் நகலின் நகல். ஓட்டுநர் பக்கக் கதவுக்கும் டிக்கிக்கும் சாவியே கிடையாது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே தொலைந்தவை. குளோவ் பாக்ஸ் பூட்டு பெயருக்கு இருந்தது. நாமே ஓட்டிக்கொண்டிருக்கும்வரை இதெல்லாம் ஒரு குறையாகவே தெரிவதில்லை. வாங்க வருகிறவர் அப்படி விடமாட்டார். சாவி குறைந்தால் காரின் பூர்வீகத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிடும், பிறகு பேரத்தில் அது ஒரு ஆயுதமாகிவிடும்.

புது செட் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்ததே என்று பலர் சொன்னார்கள். இப்போது வருகிற மறு தயாரிப்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் நான் ஏன் மூக்கைச் சுளிக்கிறேன் என்று. குரோம் பூச்சு மெலிது, கைப்பிடிக்குப் பின்னால் வரும் சதுரத் தண்டு சில மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கும், சாவித் தலை ஏதோ அலமாரிச் சாவி மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பேரல் முகத்தில், அதாவது சாவி நுழைந்து சுற்றும் உருளையின் முகத்தில், எண் இருக்காது. பழைய காரில் அந்தக் குத்திய எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு. அதனால் பழைய பேரல்களை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் இக்னிஷன் சாவிக்கு மாற்றுவது என்று இறங்கினேன்.

முதல் வேலை நல்ல சாவி. இருக்கிற சாவியைப் பார்த்து இன்னொன்று வெட்டச் சொல்லவே கூடாது. தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். இக்னிஷன் முகத்தில் எஃப்எஸ் என்று தொடங்கும் சாவி வரிசை எண் தெளிவாக இருந்தது. அந்த எண்ணைக் கொடுத்து, தொழிற்சாலை ஆழத்துக்கே வெட்டிய சாவி இரண்டு வாங்கினேன். பழைய சாவியில் கொஞ்சம் ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருந்த இக்னிஷன், புதுசில் சும்மா சுற்றியது. இத்தனை நாள் ஸ்விட்சைத் திட்டிக்கொண்டிருந்தோம், பாவம்.

இந்த எஃப்எஸ் வரிசை 876-இல் தொடங்கி 955-இல் முடிகிறது. மொத்தமே 80 வகைதான். அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் சாவி நம் காரைத் திறந்தது என்பார்களே, அது கட்டுக்கதை இல்லை. பூட்டும் சாவியும் இரண்டுமே தேய்ந்திருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். பாதுகாப்பு என்று பார்த்தால் இந்தப் பூட்டுகளை நம்பி யாரும் தூங்க முடியாது. ஆனாலும் விற்கும்போது சாவியும் பூட்டும் பொருந்த வேண்டும் என்பது வேறு விஷயம்.

கதவுப் பூட்டு சுலபமாக முடிந்தது, சொல்ல ஒன்றுமில்லை. டிக்கிதான் படுத்தியது. பின் சீட்டின் முதுகைக் கழற்றி உள்ளே கைவிட்டு கைப்பிடியைப் பிரித்தாயிற்று. பேரல் மட்டும் வரவில்லை. அதைப் பிடித்திருப்பது ஒரு சின்ன பின், அது வந்துவிட்டது. ஆனால் கைப்பிடி உடல் மசாக், அதாவது துத்தநாகக் கலவை வார்ப்பு. அரிப்பு பிடித்தால் வெள்ளையாகப் பூத்து, உப்பி, உள்ளே இருப்பதை இறுக்கிக்கொள்ளும். இதைத் தட்டினால் பிளக்கும். தீ ஊதும் புளோ லாம்ப் பக்கமே போகக் கூடாது, 385 டிகிரி வாக்கில் உருகிவிடுகிற உலோகம் இது. அதற்கு வெகு முன்பே குரோம் கொப்பளிக்கும். துரு இளக்கி எண்ணெயை விட்டு ஊறவைத்து, ஹேர் டிரையரால் சூடாக்கி, மறுபடி எண்ணெய். அவசரப்படாமல் இதையே திருப்பித் திருப்பிச் செய்ததில் பேரல் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து வெளியே வந்தது.

முகத்தில் எண் படிக்க முடியவில்லை. யாரோ கைப்பிடிக்கு மறு குரோம் போட்டபோது எண்ணும் நிரம்பிவிட்டது. படித்தாலும் எனக்கு உபயோகமில்லை, பேரலுக்குள் சாவிக்கு ஏற்ப ஏறி இறங்கும் தகடுகளை மாற்றத்தானே போகிறேன்.

இனிதான் நான் சொல்ல வந்த இடம். பேரலில் இக்னிஷன் சாவியைச் செருகிப் பார்த்தால் சில பித்தளைத் தகடுகள் மட்டமாக நிற்கும், சில துருத்திக்கொண்டு நிற்கும். துருத்துவதை அரத்தால் தேய்த்து மட்டம் பண்ணு, முடிந்தது என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். வேகமான வேலைதான். ஆனால் எந்தப் பக்கம் துருத்துகிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

சாவி இல்லாதபோது ஸ்பிரிங் எல்லாத் தகடுகளையும் ஒரே பக்கம் தள்ளுகிறது. அந்த முனை வெளியே நீட்டி, பேரலைச் சுற்றியிருக்கும் கூட்டின் காடியில் உட்கார்ந்துகொள்வதால்தான் பூட்டு பூட்டாக நிற்கிறது. அந்தப் பக்கத்தைப் பூட்டும் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். நம் சாவியின் வெட்டு அந்தத் தகட்டுக்கு ஆழம் அதிகமென்றால் தகடு போதுமான அளவு ஏறாது, பூட்டும் பக்கமே துருத்தும். வெட்டு ஆழம் குறைவென்றால் அளவுக்கு மீறி ஏறி, எதிர்ப்பக்கம் துருத்தும்.

பூட்டும் பக்கத்தைத் தேய்த்தால், தேய்த்த அளவுக்கு அந்தத் தகடு காடியில் இறங்குவது குறைந்துபோகும். இரண்டு மூன்று தகடுகளில் இப்படிச் செய்தால் ஸ்குரூடிரைவரைச் செருகித் திருகினாலே திறக்கிற பூட்டுதான் மிஞ்சும். எதிர்ப்பக்கத்தைத் தேய்த்தால் பூட்டும் முனைக்குச் சேதமில்லை, பூட்டு உறுதியாகவே நிற்கும். அதனால் அது பரவாயில்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். உட்கார்ந்து யோசித்தால் அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: எதிர்ப்பக்கம் மட்டும் தேய்த்த தகடு புதுச் சாவிக்கும் வழிவிடும், தொலைந்துபோன பழைய சாவிக்கும் வழிவிடும். பழைய சாவியில் பூட்டும் முனை எப்போதும்போல மட்டமாக நிற்கும், மறுமுனை உள்ளே அடங்கியிருக்கும், பேரல் சுற்றிவிடும். சாவி எங்கோ தொலைந்தது என்பதற்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்!

ஆக, அரத்தை ஓரமாக வைத்துவிட்டு தகடுகளையே மாற்றினேன். சாவி இல்லாத பழைய இக்னிஷன் பேரல்களை யாரும் சீண்டுவதில்லை, உதிரி பாகம் விற்பவரிடம் ஒரு பை நிறைய மலிவாகக் கிடைத்தன. எல்லாவற்றையும் பிரித்து, தகட்டின் நடுவே சாவி நுழையும் ஜன்னலின் விளிம்பிலிருந்து முனைவரை வெர்னியர் அளவுகோலால் அளந்து, அளவுவாரியாகச் சின்ன டப்பிகளில் போட்டு வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு இடத்துக்கும் பொருந்துகிற தகட்டைத் தேடிப் போட வேண்டியதுதான். எல்லாம் சேர்ந்து மட்டமானதும் பேரலின் மேல் விரலை ஓட்டினால் எதுவும் தட்டுப்படக் கூடாது. கண்ணைவிட விரல் நகம் இதில் நல்ல நீதிபதி.

ஸ்பிரிங் பறப்பதைப் பற்றிப் புலம்பாதவர் இந்த வேலையைச் செய்யாதவர். பெரிய பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு பிரியுங்கள், பறந்தாலும் பைக்குள்தான் இருக்கும். மாட்டும்போது எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்து வைத்துப் பசையாக்கும். கிராஃபைட் தூள் போதும். டிக்கியில் ஊறிய எண்ணெயையும் முழுக்கக் கழுவி உலர்த்திய பிறகே தூள் போட்டேன்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதே அடுத்த காரைப் பற்றி யோசனை ஓடுகிறது. அதில் ஸ்டியரிங் லாக், அதாவது சாவியை எடுத்தால் ஸ்டியரிங்கையே பூட்டிவிடும் ரகம். ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல்களில் இக்னிஷனை ஸ்டியரிங் தண்டுக்கு மாற்றிய பிறகு மற்ற அமெரிக்கக் கம்பெனிகளும் அந்தப் பக்கம் போயின. எனக்குக் காத்திருப்பதில், இறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படி செய்த போல்ட்டுகள். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கருவியை ஓரத்தில் வைத்து இடப்பக்கமாகத் தட்டிச் சுற்ற முடியுமா, இல்லை துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்று இறங்கினால்தான் தெரியும்.

வாங்குபவருக்கான கோப்பில் இன்னொன்றும் சேர்க்க ஆசை. இங்கிலாந்தின் கேய்டனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. சில கார்களுக்குச் சாவி எண்ணும் பதிவாகியிருக்கும். என் இக்னிஷன் எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்துவிட்டால் விலையில் ஒரு சல்லிக்காசுகூட இறங்கமாட்டேன்.

விற்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விளம்பரத்துக்கு டாஷ்போர்டைக் கிட்டத்தில் படமெடுக்கும்போது இக்னிஷன் முகத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். எண் தெரிந்தால் எவரும் சாவி வெட்டிக்கொள்ளலாம். சாவியைக் கையில் பிடித்துப் படம் போடுவதும் அதே வகைதான்.

மிச்சம் இருப்பது குளோவ் பாக்ஸ். பேரல் பிரித்துக் கிடக்கிறது, ஒரே ஒரு தகடு மட்டும் டப்பிகளில் இருக்கும் எந்த அளவுக்கும் ஒத்துவரவில்லை. இன்னொரு பை பேரலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அது வரும்வரை சும்மா இருப்பானேன் என்று பெட்ரோல் மூடியின் பூட்டையும் கழற்றிவிட்டேன்.