குழி என்று போட்டேன்

இருபது வருஷ சர்வே வேலையில் தப்பாகப் போன அளவுகள் எத்தனையோ உண்டு. அதெல்லாம் மறந்துவிட்டது. சரியாக எடுத்த ஒரு அளவுதான் இன்னும் உறுத்துகிறது.

சவூதி அரேபியாவின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் கத்தீஃபில் சாலை அகலப்படுத்தும் வேலை. பேரீச்சந்தோப்பு ஓரத்தில் கல் கட்டிய வட்டப் பள்ளம் ஒன்று. அடியில் காய்ந்த மட்டை, தண்ணீர் பாட்டில்கள், ஒரு பழைய டயர். உதவிக்கு வந்த பையன் கருவியின் ஒளியைத் திருப்பியனுப்பும் பிரிசத்தைப் பிடித்தபடி விளிம்பைச் சுற்றி வந்தான். நான் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் புள்ளிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது தோப்புக்காரப் பெரியவர் வந்து பக்கத்தில் நின்றார்.

“முஹந்திஸ், ஹாதா ஐன்.” இன்ஜினியர், இது ஊற்று.

சர்வேயரை இன்ஜினியர் என்கிறாரே என்று எனக்கு உள்ளூர சந்தோஷம். “மோயா மாஃபி, ஹாஜி” என்றேன். தண்ணீரே இல்லையே.

“அவ்வல் ஃபீ.” முன்பு இருந்தது.

அவ்வளவுதான் பேச்சு. எனக்குத் தெரிந்த அரபியும் அத்தோடு முடிந்தது.

அளக்கும் பொருள் இன்னது என்று கருவியில் பதியும் குறியீட்டு லிஸ்டில் விளக்குக் கம்பம், மேன்ஹோல், மரம், கிணறு, குழி என்று எல்லாம் இருந்தது. ஊற்று இல்லை. கிணறு என்று போட்டால் தனிப் பட்டியலுக்குப் போகும்; ஆள் வந்து பார்க்கும் வரை அந்த ஷீட் நிற்கும். குறிப்பு எழுத ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டு, குழி என்று போட்டேன்.

தப்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஊரே ஊற்றால் உண்டான ஊர் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. எப்போதோ பெய்த பழங்காலத்து மழை பாறைக்குள் இறங்கி, இந்தக் கடலோரத்தில் தானாகப் பொங்கி வந்தது. அதை நம்பிப் பேரீச்சை, பேரீச்சை நிழலில் எலுமிச்சை, அதற்கும் கீழே குதிரைமசால். மிஞ்சியது வாய்க்காலில் ஓடிக் கடலில் விழும். எண்ணெய்க்கு முன்னால் அந்தப் பேரீச்சையும் வளைகுடா முத்தும் மீனும்தான் வரும்படி. போர்த்துகீசியர் வந்தார்கள், 1871இல் துருக்கியர் வந்தார்கள், 1913இல் இப்னு சவூத் பிடித்தார். யார் வந்தாலும் ஊற்று ஓடியது. 1938இல் தம்மாம் 7ஆம் எண் கிணற்றில் எண்ணெய் கொட்டியது. 1945இல் கத்தீஃபிலேயே கிடைத்தது. அப்புறம் ஊர் பெருத்தது, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின, தோப்புகள் பிளாட் ஆயின. தாரூத் தீவுக் கோட்டையடியில் இருக்கும் அல் அவ்தா ஊற்றே வற்றிவிட்டது. இந்தப் பள்ளம் எந்த மூலை? நான் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே செத்துப்போனது.

இப்படிச் சொல்லிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். ‘ஐன்’ என்றால் கண் என்றும் அர்த்தம் என்று பல மாதம் கழித்து ரூமில் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். நாமும் ஊற்றுக்கண் என்றுதானே சொல்கிறோம்?

நான் ராமநாதபுரத்துக்காரன். எங்கள் ஊர்க் கண்மாய் வருஷக்கணக்கில் வறண்டு, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். அப்போதும் அது கண்மாய்தான். எவனாவது அளக்க வந்து குழி என்று எழுதினால் ஊரே திரண்டு தாலுகா ஆபீசுக்குப் போகும். முதல் ஆளாக நான் போவேன்.

எழுதியிருந்தால் சாலை வளைந்திருக்குமா? வளைந்திருக்காது. பெரியவர் சாலையை நிறுத்தச் சொல்லவும் இல்லையே, பெயரைத்தானே சொன்னார். சில நாள் வேறு மாதிரி தோன்றும்: ஊற்று என்று பதிந்தால் இழப்பீடு கூடும் என்று கணக்குப் போட்டிருப்பாரோ? அப்படி நினைக்கும்போது மனசு கொஞ்சம் லேசாகிறது. அதனாலேயே அந்த நினைப்பை நான் நம்புவதில்லை.

அன்று வேலை முடிந்து கருவியைப் பெட்டியில் வைக்கும்போது ஒரு தட்டில் ருதப், அதாவது பழுத்து இளகிய புதுப் பேரீச்சம்பழம், கொண்டுவந்து நீட்டினார். ஒரு பாதி பழுப்பு, மறுபாதி மஞ்சள். வெயிலில் தோல் வெடித்துக் கையெல்லாம் பிசுபிசுத்தது. வயிறு நிறையத் தின்றோம். கொட்டையை எங்கே போடுவது என்று பார்த்தேன். பையன் அந்தப் பள்ளத்துக்குள் எறிந்தான். நானும் எறிந்தேன். பெரியவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.