ஊர் திரும்பக் காத்திருந்தவரின் கடிதங்கள்: அடுக்கிப் பார்த்த அனுபவம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் பிரான்சில் படைப்பணியிலிருந்து விடுவிக்கப்படக் காத்திருந்த ஓர் அமெரிக்கப் படைவீரரும் அவர் மனைவியும் 1945இல் எழுதிக்கொண்ட கடிதக் கட்டு ஒன்றைப் படியெடுத்து வருகிறேன். கடல் கடந்து வந்த கடிதங்கள் ஒன்றையொன்று தாண்டிச் சென்றிருப்பதால், எழுதிய தேதிப்படி அடுக்கினால் கேள்வி ஓரிடத்திலும் பதில் வேறோரிடத்திலுமாகக் கிடக்கின்றன. "உன் 14ஆம் தேதிக் கடிதம் நேற்று கிடைத்தது" என்பதுபோல் அவர் தொடங்கும் வரிகளைக் கொண்டு, கைக்குக் கிடைத்த நாளுக்கென அட்டவணையில் தனிப் பத்தி ஒன்று போட்ட பிறகே உரையாடல் பிடிபட்டது.

கட்டு முழுவதும் ஓடுவது புள்ளிக் கணக்குதான். 1945 மே மாதம் அமெரிக்கத் தரைப்படை அறிவித்த முறைப்படி, பணியாற்றிய மாதத்திற்கு 1, அதில் கடல் கடந்திருந்த மாதத்திற்கு மேலும் 1, பங்கேற்ற போர் நடவடிக்கைக்கோ போர்ப் பதக்கத்திற்கோ 5, குழந்தைக்கு 12 (மூன்று குழந்தைகள் வரை) எனக் கூட்டி, 85 எட்டியவர்களுக்கே ஊர் திரும்ப முன்னுரிமை. ஒரு கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் 31, 20, 15, 12 என்று எழுதி, கீழே 78 என்று கோடிட்டிருக்கிறார். மகள் பிறந்ததால் வந்த 12ஐ மட்டும் வட்டமிட்டிருப்பதில் கொஞ்சம் குறும்பும் தெரிகிறது. பின்னர் வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்டபோதும், கப்பலில் இடம் கிடைக்க வேண்டியிருந்தது.

உறைகளும் பேசுகின்றன. படைவீரர்களுக்கு 1942 முதல் சாதாரணத் தபால் இலவசமாக இருந்ததால், தபால்தலை இருக்க வேண்டிய மூலையில் 'ஃப்ரீ' என்று கையால் எழுதியிருக்கிறார்; அவசரச் செய்தி உள்ளவற்றில் மட்டும் 6 சென்ட் விமானத் தபால்தலை இருக்கிறது. லெ ஆவ்ர் துறைமுகத்துக்கு அருகே, சிகரெட்டின் பெயரைத் தாங்கிய லக்கி ஸ்ட்ரைக் கூடார முகாமிலிருந்து வந்தவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை.

அங்கிருந்துதான், எந்த நாளும் கிளம்பிவிடுவேன், இனி எழுத வேண்டாம் என்று மனைவிக்குச் சொல்லிவிடுகிறார். கப்பல் தள்ளிப்போகிறது, அடுத்த கடிதங்களில், தபால் பிரிக்கும் நேரத்தில் தமக்கு ஒன்றும் வராதென்று தெரிந்தும் வரிசையில் நிற்பதாக எழுதுகிறார். வேண்டாம் என்றதைக் கேட்காமல் அவள் அனுப்பிய சில கடிதங்கள், அவர் புறப்பட்ட பின் முகாமை அடைந்து, முகவரி கோடிட்டு அடிக்கப்பட்டுத் திரும்பியிருக்கின்றன. வீரர்கள் மூட்டையில் இடமின்றி வீட்டுக் கடிதங்களைக் கழித்துவிடுவது வழக்கமாதலால், அவள் எழுதியவற்றில் மிஞ்சியவை அநேகமாக இவையே.

அவற்றில் இரண்டு இன்னும் ஒட்டியபடியே இருக்கின்றன. அவர்கள் இருவருமே பிரிக்காததை நான் பிரிப்பதாக இல்லை. உறையின் இரு பக்கங்களையும் படமெடுத்து, அமிலமற்ற தாளுறையில் இட்டு, உள்ளடக்கப் பத்தியை வெறுமையாக விட்டிருக்கிறேன்.