கடவுச்சொல்லை மாற்றியது போதவில்லை

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் கடைக்கு ஆர்டரும் பில்லும் போய்வருவது ஒரே ஜிமெயில் கணக்கில்தான். சித்திரைத் திருவிழா நெருங்கிய ஒரு மாலையில், அஞ்சல் பெட்டி நிறைந்துவிட்டதாகவும் 24 மணி நேரத்தில் கணக்கு முடக்கப்படும் என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த சுட்டியை அழுத்தி, திறந்த பக்கத்தில் கடவுச்சொல்லையும், பிறகு கைப்பேசிக்கு வந்த ஓடிபியையும் நானே தட்டச்சு செய்து கொடுத்தேன். உடனே வழக்கமான அஞ்சல் பெட்டி திறந்ததால் சந்தேகம் எழவில்லை.

ஒன்பது நாள் கழித்து, எங்களிடம் பல வருடமாகச் சரக்கு எடுக்கும் கோயம்புத்தூர்க் கடைக்காரர் அழைத்தார். "ஏனுங்கண்ணா, பேங்க் கணக்க மாத்தீட்டீங்களா? மெயில்ல வேற நம்பர் வந்திருக்குதுங்க" என்றார். பணம் அனுப்பும் முன் அவர் கேட்டதால் 86,000 ரூபாய் தப்பியது.

கடவுச்சொல்லை மாற்றினேன், 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் எங்களுடையது அல்லாத கணினியை வெளியேற்றினேன். வேலை முடிந்ததென்று நம்பினேன். ஆனால் பில் தொகை குறித்து அவர் மறுநாள் அனுப்பிய பதிலும் எனக்கு வந்து சேரவில்லை. அமைப்புகளுக்குள் ஒவ்வொரு பகுதியாகத் திறந்து பார்த்தபோது, வடிகட்டிகள் என்ற இடத்தில் நான் எழுதாத ஒரு விதி இருந்தது. 'பில்', 'பேமெண்ட்', 'பேங்க்' ஆகியவற்றில் எந்தச் சொல் இருந்தாலும், அந்த அஞ்சல் இன்பாக்ஸுக்கு வராமல், படித்ததாகக் குறிக்கப்பட்டு, முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. கடவுச்சொல்லை எத்தனை முறை மாற்றினாலும் அந்த விதி அப்படியே இருக்கும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதைப் படம் பிடித்துக்கொண்டு அழித்தேன். முன்னனுப்பும் முகவரியையும் நீக்கி, மீட்புத் தொலைபேசி எண், மீட்பு மின்னஞ்சல், கணக்கைத் தொட அனுமதி பெற்ற செயலிகள் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பணம் போகவில்லை என்றாலும், தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் அந்தப் படங்களோடு புகார் பதிந்தேன். பணம் போயிருந்தால் முதல் வேலையாக 1930 என்ற எண்ணை அழைத்திருக்க வேண்டும்.

ஓடிபி இருந்தும் ஏன் காக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது. நான் கொடுத்த எண்ணை அந்தப் போலிப் பக்கம் அதே நொடியில் உண்மையான பக்கத்தில் செலுத்தியிருக்கிறது. முகவரியின் தொடக்கத்தில் கூகுள் பெயர் இருந்தது உண்மை. ஆனால் தளம் யாருடையது என்பதை, https:// என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் (/) சற்று முன்னால் உள்ள பெயர்தான் சொல்லும், அங்கே வேறு பெயர் இருந்தது. தினமும் பிரௌசர் தானாக நிரப்பும் கடவுச்சொல் அன்று நிரம்பாததும் அதனால்தான். இப்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைரேகையாலோ கைப்பேசிப் பூட்டாலோ உள்நுழையும் பாஸ்கீ வைத்திருக்கிறோம்; அது உண்மையான தளத்தைத் தவிர வேறெங்கும் வேலை செய்யாது.

கைப்பேசி கையில் இல்லாதபோது உள்நுழைய ஜிமெயில் கணக்கு கொடுத்த பத்து மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, கல்லாவில் பேரேட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் இப்போது ஒரு முத்திரை குத்துகிறோம்: "வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், பணம் அனுப்பும் முன் கடைக்குப் போன் செய்யவும்."