ஆறாவது கட்டம்

மாத அறிக்கைப் படிவத்தில் ஆறு கட்டங்கள் இருந்தன. வீட்டுச் சந்திப்பு, மருத்துவமனைச் சந்திப்பு, ஜெபக்கூட்டம், கைப்பிரதி, செலவு, கடைசியாக ஆத்தும ஆதாயம், அதாவது எத்தனை பேரைக் கிறிஸ்துவிடம் சேர்த்தேன் என்ற கணக்கு. சிங்கப்பூரில் ஊழியக்காரனாக இருந்த இரண்டு வருடமும் முதல் ஐந்தைப் பேனா தானாக நிரப்பிவிடும். ஆறாவதில் வந்து நின்றுவிடும்.

படிவம் அனுப்பிய ஊர்ச் சபையாரைக் குறை சொல்ல மாட்டேன். என் செலவில் ஒரு பங்கு கைப்பிடி அரிசியிலிருந்து வந்தது. நாசரேத் பக்கம் எங்கள் கிராமத்தில், உலைக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துக் கோயில் பானையில் போடுகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஆலயத்துக்கு வரும், ஏலம் போகும், காசு ஊழியத்துக்குச் சேரும். வெள்ளைக்காரர் வந்து ஊழியம் செய்த சீமை என்றே திருநெல்வேலியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1903லேயே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கி, நம் ஆள், நம் பணம், நம் நிர்வாகம் என்று தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்பிவைத்த சீமையும் அதுதான். அந்த மிடுக்கோடுதான் நானும் விமானம் ஏறினேன். பெட்டியில் இரண்டு கிலோ உடன்குடிக் கருப்பட்டி, ஐந்து பிரசங்கம் எழுதிய நோட்டு.

என்னை அழைத்துப்போகச் சாங்கி விமான நிலையத்துக்கு வந்திருந்த சபை மூப்பர் காரிலேயே சொல்லிவிட்டார். "ஐயா, இங்கே யாருடைய சாமியையும் இறக்கிப் பேசக் கூடாது. சமய நல்லிணக்கத்துக்கு 1990லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். விடுதிக்குப் போனால் காது கொடுங்கள். அவர்கள் கேட்டால் ஜெபியுங்கள்." என் மூன்றாவது பிரசங்கம் முழுக்க விக்கிரகங்களைப் பற்றியது. அது நோட்டை விட்டு வெளியே வரவேயில்லை. இன்று யோசித்தால் சட்டம் என்னைத்தான் காப்பாற்றியிருக்கிறது.

தோ பாயோவில் மூப்பரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தார்கள். பகலில் மருத்துவமனை, மாலையில் கிராஞ்சிப் பக்கத்து வெளிநாட்டு ஊழியர் விடுதி, ஞாயிறு என்றால் லிட்டில் இந்தியாவின் தேக்கா. முதல் மாதம் தேக்காவில் ஓர் இளைஞன், அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை என்று சொல்லி ஜெபிக்கக் கேட்டான். நான் கண்ணை மூடி, வானத்தையும் பூமியையும் படைத்ததிலிருந்து ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தபோது ஆள் இல்லை. விடுதிக்குப் போகும் பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஆமென் ஐயா!" என்று கத்தினான். அந்தக் கதை எனக்கு முன்பே விடுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

புதுக்கோட்டைத் தம்பியை அங்கேதான் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும், பூச்சு வேலைக்காரர். வேலையிடத்தில் இயந்திரத்தில் சிக்கி வலது கை நசுங்கியிருந்தது. மணிக்கட்டு வரை கட்டு, வெளியே நான்கு விரல் நுனி. மருத்துவரிடம் போகும் நாட்களில் மொழிபெயர்க்கக் கூடப் போவேன். மற்ற நாட்களில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். அதிகாலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை மத்தியானம் இடது கையால் பிரித்துச் சாப்பிடுவார். இடது கையால் சாப்பிடுவது அவருக்கு வலியைவிடப் பெரிய அவமானமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பழகினேன்.

ஒரு மாலை அவருடைய இடது கை நகங்களைக் கவனித்தேன். நீண்டு, ஓரம் மடங்கி, சிமெண்டு அரித்த வெள்ளைக் கோடுகளோடு இருந்தன. வெட்ட வேண்டிய கைதான் கட்டுக்குள் இருக்கிறதே. பையில் முஸ்தஃபா கடையில் வாங்கிய நகவெட்டி இருந்தது. எடுத்தேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"ஐயா, இன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைக்கிற நேரம் வேறு."

இதற்குச் சொல்ல என்னிடம் பதில் இருந்தது. நாளும் நேரமும் பார்ப்பதைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறக்குமுன் அம்மா ஞாபகத்துக்கு வந்துவிட்டாள். நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஆனாலும் வெள்ளிக்கிழமை வீட்டில் ஒருவரும் நகம் வெட்டியதில்லை. ஏன் என்று கேட்டால், "வெட்டக் கூடாது, அவ்வளவுதான்" என்பாள். நகவெட்டியை மடக்கிப் பையில் போட்டேன்.

மறுநாள் காலை தோ பாயோவில் ரயில் ஏறி, கிராஞ்சியில் இறங்கி, பஸ் பிடித்து, ஏழரைக்கு அங்கே இருந்தேன். ஊற வைக்காமல் வெட்ட முடியாத நகம். ஒரு குவளையில் வெந்நீர் வாங்கி வந்து விரல்களை வைத்திருந்தோம். கட்டுக்கு வெளியே தெரிந்த வலது விரல்களை வெட்டும்போது என் கைதான் நடுங்கியது. அவர் ஏஜெண்டுக்குக் கட்டிய பணத்தைப் பற்றியும், அதற்காக அடகில் கிடக்கும் நிலத்தைப் பற்றியும் யாருடைய கதையையோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெபிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் ஆரம்பிக்கவில்லை. அந்த மாத அறிக்கையில் ஆறாவது கட்டத்தில் பென்சிலால் 'ஒன்பது விரல்' என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டுச் சைபர் போட்டேன்.

தம்பி ஊருக்குப் புறப்பட மூன்று நாள் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். "டேங்க் ரோடு முருகனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் கோயில்களையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் ஐயா." எனக்கும் பல நாள் ஆசை, தமிழர் கும்பிட்ட பழைய ஆலயங்களை ஒரே நாளில் நடந்து பார்க்க வேண்டும் என்று. சனிக்கிழமை காலை கிளம்பினோம்.

ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் ஆலயத்தின் வாசல் அந்த நேரத்தில் சாத்தியிருந்தது. 1887இலிருந்து தொடரும் சபை என்று வெளியில் நின்றபடியே சொல்லிவிட்டு நகர்ந்தோம். வாட்டர்லூ ஸ்திரீட்டில் கிருஷ்ணன் கோயில் வாசலில் சீனப் பாட்டிமார் ஊதுபத்திக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் குவான் இம் கோயிலுக்கு வருகிறவர்கள் இங்கேயும் ஒரு கும்பிடு போடாமல் போவதில்லை. தம்பி அவர்களோடு உள்ளே போய்விட்டார். நான் வெளியே அவருடைய செருப்புக்குக் காவல் நின்றேன். ஊரில் இதை யாரும் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது.

அங்கிருந்து ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயம். பிரான்ஸ் தேசத்து லூர்து ஆலயத்தின் சாயலில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுப்பி, 1888இல் திறந்தது. மாதா முன்னால் தம்பி ஒரு மெழுகுதிரி வாங்கினார். ஒற்றைக் கையால் திரியைப் பிடிப்பாரா, தீக்குச்சியைக் கிழிப்பாரா? எங்கள் சபையில் சுரூபத்துக்குத் திரி ஏற்றும் வழக்கம் இல்லை. குச்சியை நான் கிழித்தேன்.

வெயில் ஏறிய பிறகு செயின்ட் ஆண்ட்ரூஸ் கதீட்ரலுக்குள் நுழைந்தோம். வெளியே போக்குவரத்து இரைச்சல், உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும். இந்தியாவிலிருந்து நாடு கடத்தி வந்த கைதிகள் கட்டிய ஆலயம் இது, 1862இல் பிரதிஷ்டை ஆனது. சுவர்ப் பூச்சுக்கு 'மெட்ராஸ் சுண்ணாம்பு' என்றே பெயர். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக் கருவையும் வெல்லத்தையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உருண்டைக் கல்லால் தேய்த்துப் பளபளப்பேற்றினார்கள். படித்ததை வழிகாட்டி போல ஒப்பித்துக்கொண்டிருந்தேன். தம்பி கேட்கவில்லை. ஒரு தூணின் அருகே போய் இடது உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். அதற்குப் பிறகு எத்தனை தடவை வண்ணம் அடித்தார்களோ தெரியாது. கன்னத்தைச் சுவரோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, தூணின் விளிம்பை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நூல் பிடித்தது போல இருக்கிறது. ரசமட்டம் வைத்தாலும் குறை சொல்ல முடியாது. எங்கள் தாத்தா காரைக்குடிச் செட்டியார் வீடுகளில் பூசியது இதுதான் ஐயா. கடுக்காய்த் தண்ணீர் சேர்ப்பார்கள், கருப்பட்டி சேர்ப்பார்கள். முட்டை அடிக்கவே தனி ஆள் உண்டு." மடங்காத வலது விரல்களின் புறத்தால் தூணை மெதுவாகத் தேய்த்தார். "கைதிகள் என்றீர்களே, கூலி உண்டா?"

"சோறு போட்டிருப்பார்கள், தம்பி."

"ஊருக்குத் திரும்பினார்களா?"

"சிலர். நிறைய பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள்."

அவர் ஒன்றும் சொல்லாமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நான் முழங்காலில் நின்றேன். சுவரை அடைத்துக்கொண்டு வரிசையாக முட்டை உடைத்தவர்கள் மனதுக்குள் வந்துபோனார்கள். தன் சாமி இல்லாத ஒரு சாமிக்கு, காலில் விலங்கோடு வந்து இறங்கியவர்கள், விளிம்பு கோணாமல் பூசியிருக்கிறார்கள். ஜெபத்துக்கு வார்த்தையே வரவில்லை. "ஆண்டவரே, இவருடைய கை" என்று மட்டும் சொன்னேன். மேலே ஒன்றும் கேட்கத் தோன்றாமல் எழுந்துவிட்டேன்.

"அதற்குள் முடிந்துவிட்டதா?" என்றார் தம்பி. "பஸ் ஒன்றும் வரவில்லையே ஐயா."

ஊர் திரும்பியதும் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சாட்சி சொல்ல நிறுத்தினார்கள். முன்வரிசையில் குருவானவர், கையில் என் இருபத்துநான்கு அறிக்கைகள். நான் நகம் வெட்டிய கதையைச் சொன்னேன். செருப்பையும் தீக்குச்சியையும் விடவில்லை. குருவானவர் ஒரு தடவை இருமினார். கூட்டம் முடிந்ததும், என் அம்மா வயதுள்ள பெரியம்மா ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு அருகில் வந்தார். ஒரு நாளும் பிடி அரிசி தவறாதவர் அவர்.

"அந்தப் பிள்ளைக்கு விரல் மடங்குகிறதா?"

"இரண்டு மடங்குகிறதாம் பெரியம்மா. போன வாரம் பேசினான்."

"நல்லது." குரலைத் தணித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை வெட்டாமல் விட்டாயே, அது போதும்."