பிலாத்துவில் தடுக்கியவன்

பாடசாலையில் எங்களுக்கு ஞானோபதேசம் என்னும் கத்தோலிக்க சமயபாடம் படிப்பித்த மாஸ்ரர் காலமான செய்தி பழைய மாணவர் சங்கத்தின் வாட்சப் குழுவில் வந்தபோது, நான் பிரான்ஸின் லூர்து நகருக்குப் போகும் ரயிலில் இருந்தேன். நம்பிக்கையை அறிக்கையிடும் செபமான விசுவாசப் பிரமாணத்தில், இயேசுவுக்குத் தீர்ப்பிட்ட ‘போஞ்சு பிலாத்து’வின் பெயர் வந்ததும் அதற்கு மேல் ஒரு சொல்லும் வராமல் நான் விழித்ததும், அவர் என்னைக் காலைக் கூட்ட மேடையில் முழங்காலில் நிறுத்தியதும், அன்று முதல் என் பெயரே ‘பிலாத்து’ ஆனதும் இம்மலரை வாசிக்கும் பலருக்கு நினைவிருக்கும். அப்பெயரைச் சூட்டியவர்களில் சிலர் இன்று நிர்வாகக் குழுவிலேயே இருக்கிறார்கள்.

பெர்னதெத்தின் கதையை எங்களுக்குச் சொன்னவரும் அவரே. 1858இல் லூர்தின் மசபியேல் குகையில் மாதாவைக் கண்ட அச்சிறுமிக்கு வயது 14; வாசிக்கத் தெரியாதவள், ஞானோபதேசம் மனத்தில் நில்லாததால் புதுநன்மைகூட (முதல் நற்கருணை) அதுவரை வாங்காதவள். பெப்ரவரி 25ஆம் திகதி அவள் குகைத் தரையைக் கையால் தோண்டி, மூன்று முறை சேற்று நீரை அள்ளிக் கொட்டிவிட்டு நான்காம் முறை குடித்தபோது, சேறு அப்பிய அம்முகத்தைப் பார்த்துக் கூட்டம் பைத்தியம் என்று சிரித்தது. இவ்விடத்தில் மாஸ்ரரின் குரல் தழுதழுக்கும். அவள் போன்ற மக்கு ஒருவன் தம் வகுப்பிலேயே இருந்தது அவர் கண்ணில் படவில்லை என்பது என் நெடுநாள் மனத்தாங்கல்.

அன்று தோண்டிய ஊற்றின் நீருக்காக மறுநாள் வரிசையில் நின்றேன். தொண்டு செய்யும் மூதாட்டி ஒருவர் குவிந்த என் கைகளில் குவளையிலிருந்து நீர் வார்த்தார். கைகளைக் கழுவினேன், முகத்தைக் கழுவினேன், மூன்றாம் முறை வார்த்ததைக் குடித்தேன். பல்லைக் கூசவைக்கும் குளிர். துடைக்கத் துவாலை கிடையாது. தாடையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றபோது, கேட்பாரின்றியே விசுவாசப் பிரமாணம் என் வாயில் வந்தது. பிலாத்துவைத் தாண்டி, ‘அடக்கம் செய்யப்பட்டார்’ என்பதையும் தாண்டி, ஆமென் வரை தடங்கலின்றி ஓடியது. மூதாட்டி என் தோளில் கை வைத்த பிறகே நான் விம்மிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

கோபத்தினால்தான் இத்தனை ஆண்டுகளாக மாஸ்ரருக்குக் கடிதம் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அக்கோபம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. வெளிநாடு வந்தபின் அவருடைய விலாசத்தை ஒருவரிடமும் நான் விசாரிக்கவில்லை என்பதே உண்மை.

இரவுப் பவனி முடிந்ததும், சங்கத்தின் அனுதாபச் செய்தியில் என் பெயரையும் சேர்க்கும்படி செயலாளருக்கு எழுதினேன். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘பிலாத்து’ என்றும் போடச் சொன்னேன். மாஸ்ரர் வீட்டாருக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே.