நான்கு மணி நேர ஓ.டி.யும் ஒரு சர்ச் ரிஜிஸ்டரும்

ஒரு வழியாக ஹால் டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. பெங்களூரில் கல்லூரி கொயரில் (சேர்ந்திசைக் குழுவில்) பாடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒத்திகைக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வகுப்பில் இல்லாத நேரத்துக்கும் வருகைப்பதிவு) வாங்குவதை லேசாக நினைக்காதீர்கள்.

டிசம்பர் கச்சேரிக்கு இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டியின் குளோரியா என்ற சேர்ந்திசைப் படைப்பு. எல்லாரும் பாடுகிற ஆர்.வி. 589தான் (அவர் படைப்புகளின் பட்டியலில் அதன் எண்), 12 பகுதிகள். குரல் தேர்வு, பயிற்சி எல்லாம் ஒழுங்காகவே போயின. டிரம்பெட்டுக்கும் வயலினுக்கும் ஆள் சிக்கவில்லை என்பதால், எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு சர்ச்சிலுள்ள பைப் ஆர்கனோடு (குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் பெரிய வாத்தியம்) பாடுவதென்று முடிவாயிற்று. அது செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும்தான் கிடைக்கும். எனக்கு அப்போது புள்ளியியல் வகுப்பு. நான்கு செவ்வாய், நான்கு வகுப்பு போச்சு. வேறு நாட்களில் விட்டதும் சேர்ந்து, மொத்தம் 64 மணியில் நான் இருந்தது 44. ஹால் டிக்கெட்டுக்குத் தேவையான 75 சதவீதத்துக்கு 48 வேண்டும்.

ஓ.டி. படிவத்தில் விளையாட்டு, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., கலைவிழா என்று கட்டங்கள். கொயருக்கு எதுவும் இல்லை. கலைவிழாவில் டிக் அடித்தேன். "அழைப்பிதழ் எங்கே?" என்றார் கிளார்க். ஒத்திகை சார் என்றேன். "அதைக் கல்லூரியிலேயே கீபோர்டு வைத்துச் செய்ய வேண்டியதுதானே?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி மாறும். பைப் ஆர்கனின் சுருதிக்கு நாம்தான் போக வேண்டும். குழாய்க்குள் காற்று சூடானால் அதுவும் கொஞ்சம் ஏறிவிடும். அந்த சர்ச்சில் குழாய்கள் பின்பக்க மாடத்தில், நாங்கள் முன்பக்கம் ஆல்டருக்கு (பலிபீடத்துக்கு) முன்னால். 30 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி வந்து சேர நொடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆகிறது. காதை நம்பிப் பாடினால் பிந்துவோம். முன்னால் நின்று தாளம் காட்டி நடத்தும் கண்டக்டர் கையைத்தான் பார்க்க வேண்டும். முதல் நாள் தொடக்கக் கோரஸிலேயே பேஸ்காரர்கள் (ஆண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள்) நாங்கள் எல்லாரையும் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தோம். இவ்வளவையும் ஜன்னல் கம்பி வழியாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாளெ பன்னி" (நாளை வாருங்கள்) என்றார் கன்னடத்தில்.

மறுநாள் கொயர் பொறுப்பாசிரியரின் கடிதத்தோடு போனேன். சீல் இல்லை. அடுத்த நாள் சீல் இருந்தது; தேதி மட்டும் போட்டு, எத்தனையாவது பீரியட் என்று எழுதவில்லை. மூன்றாம் நாள், "நீ அங்கேதான் இருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி?"

அப்போதுதான் சர்ச் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது. அங்கே ஒரு கோயில்குட்டி (சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) அண்ணன், சிவாஜிநகர்த் தமிழர். "தம்பி, பேரு, வந்த நேரம், போற நேரம் எழுதிட்டுப் போங்க" என்று ஒவ்வொரு முறையும் வாசலிலேயே மறிப்பார். எரிச்சலாக இருக்கும். அன்று அல்சூர் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக அவரிடம் ஓடினேன். நான்கு பக்கமும் ஜெராக்ஸ் எடுக்க விட்டார். சர்ச் ஆபீஸில் சீலும் குத்திக் கொடுத்தார்கள். கிளார்க் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார், மறுபேச்சு இல்லை. அந்த வாரமே போர்ட்டலில் 75.00.

ஓ.டி. கடிதத்தை ஒத்திகைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பீரியட் எண்ணும் பாட ஆசிரியர் கையெழுத்தும் அதிலேயே இருக்கட்டும். போகிற இடத்தில் ரிஜிஸ்டர் இருந்தால் மறக்காமல் எழுதுங்கள். எங்கள் டெனர் (ஆண்களில் மேல்குரல் பாடுகிறவன்) ஒருவன் நான்கு நாளும் "அப்புறம் போடுறேண்ணா" என்று நழுவிக்கொண்டே இருந்தான். அபராதம் கட்டித்தான் அவனுக்கு ஹால் டிக்கெட் வந்தது.