அப்பாவின் தறிக்கு எதிரே

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை ராத்திரி பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் பஸ் ஏறினேன். பையில் இரண்டு செட் துணியும் ஆபீஸ் லேப்டாப்பும்தான். ஞாயிறு ஒரு நாள் மக்கள் ஊரடங்கு, அது முடிந்ததும் திரும்பிவிடலாம் என்று கணக்கு. 24-ஆம் தேதி மாலையோடு எல்லாம் நின்றது. அப்புறம் பெங்களூர் வாடகை அறைக்குப் போனது, காலி செய்யத்தான்.

அதுவரை எட்டு வருஷம், ஞாயிறு ராத்திரி என்றால் சேலம் புதிய பஸ் நிலையம். தோப்பூர் கணவாய்க்குள் தூங்கிப்போய், ஓசூரில் விழித்து, சில்க் போர்டில் இறங்குவேன். மத்தியப் பட்டு வாரிய அலுவலகம் இருப்பதால் அந்தச் சந்திப்புக்கு அந்தப் பெயர். நான் பட்டு நெய்கிறவர் மகன். தினமும் ஆபீஸ் போக அந்த நெரிசலில் நின்றிருக்கிறேன். ஒருநாளும் அங்கே அப்பாவை நினைத்ததில்லை.

அம்மாபேட்டை வீட்டில் தறி இருக்கும் அறையில்தான் சிக்னல் நன்றாகக் கிடைத்தது. தறிக்குழிக்கு எதிரே ஸ்டூல் போட்டேன். நான் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தால் அப்பா நாடாவை, அதாவது குறுக்கு நூல் ஓட்டும் கட்டையை, கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். அவருக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கூலி. அவர் நிறுத்துகிற நேரமெல்லாம் அவர் காசு என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது. அதிலிருந்து மீட்டிங் என்றால் திண்ணை.

ஏப்ரலில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் நூல், தீர்ந்தது. நூல் தருகிற முதலாளி கடை பூட்டிக் கிடந்தது. என் வேலை இன்டர்நெட்டில் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு நூல் வண்டியில் வர வேண்டும், சேலை வண்டியில் போக வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்று நாங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி பேசிக்கொண்டிருந்தோம். நாற்பது வருஷமாக அதைச் செய்தவர் வெறும் தறியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சம்பளம் ஒரு ரூபாய் குறையவில்லை. அவர் பக்கத்தில் சாப்பிட உட்காரவே கூச்சமாக இருந்தது.

ராத்திரி பதினொரு மணிக்கும் நான் லேப்டாப்போடு இருப்பதைப் பார்த்து ஒரு நாள் சொன்னார்: "விளக்கு வெச்சப்புறம் நான் தறியில கை வெக்க மாட்டேன், பாத்திருக்கயில்ல கண்ணு? தறி வீட்லயேதான் இருக்கும். நாமதான் எந்திரிச்சுப் போகணும்."

ஜூனில் புதுப் பாவு வந்தது. பழைய பாவின் நுனியோடு அதை இழை இழையாக முறுக்கிப் பிணைக்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழை. இரண்டு நாள் லீவு போட்டு உடன் உட்கார்ந்தேன். என் விரல் முறுக்கியது பாதி அவிழ்ந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் அவர் திரும்ப முறுக்குவார்.

இப்போது மாதத்தில் ஒரு வாரம் ஆபீஸ் போனால் போதும். அதே ஞாயிறு ராத்திரி பஸ்தான். சில்க் போர்டில் இறங்கியதும் அப்பாவுக்குப் போன் போடுகிறேன். "தறி ஓடுதாப்பா?"